சியாமாச் செட்டி

லவ்லி என்று நான் சொல்லியிருக்கவே கூடாது. அந்த மனிதர் தார்ப்பாயை இழுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று இரண்டு கையையும் விரித்துக் கேட்டார், நான் தலையைச் சற்றுச் சரித்து லவ்லி, மிஸ்டர் கிளென், என்று சொல்லிவிட்டேன், சிஸ்டர் அலோசியா பழக்கிவைத்தபடி. கொன்வென்ற் பிள்ளைகள் பிறத்தியார் வீட்டில் எதைக் காட்டினாலும் முதலில் லவ்லி சொல்ல வேண்டும், பிறகு நன்றி சொல்ல வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். நான் தொடவில்லை. அது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் கையை விட்டுப் போய்விட்டது, இந்தப் புல்வெளியில், இந்தச் சோளத் தோட்டங்களுக்கு நடுவில், ஆட்கள் மடக்குக் கதிரை போட்டுப் பான்கேக் தின்றுகொண்டு பழைய போர் விமானங்களை வேடிக்கை பார்க்கிற இந்த ஞாயிற்றுக்கிழமையில், நான் கழுத்தில் கமராவும் கையில் பிள்ளையுமாக ஓடுபாதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், என் கணவர் நேசன் அந்தப் பக்கம் நின்று ஏறப்போகிறார். அந்தப் பிளேனுக்குள் ஏறப்போகிறார். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி எனக்குக் கை காட்டுகிறார், படம் எடும், படம் எடும் என்று. எடுத்தேன். எடுக்கத்தானே கூட்டிவந்தது. கிளென் இவருடைய வேலைத்தலத்து முதலாளி, வயது போனவர், நல்ல மனிதர் என்று இவர் சொல்வார், நல்ல மனிதர்தான், ஒரு தடவையும் குரலை உயர்த்தாதவர், அவருக்கு ஒரு பழைய விமானம் இருக்கிறது, அவருடைய சங்கத்துக் காலண்டருக்கு அதைப் படம் எடுக்க வேண்டும். என்ர மனிசி நல்லா எடுப்பா, என்று இவர் வாய் கொடுத்துவிட்டு வந்தார். சனி ஞாயிறுகளில் சாமத்திய வீடுகளுக்குப் போய், பெரியபிள்ளையாகித் தலைநிறையப் பூ வைத்து வியர்க்கிற பெண்பிள்ளைகளைப் படம் பிடிக்கிறவள் நான். ஒரு விமானமும் ஒரு பெம்பிளைப் பிள்ளை மாதிரித்தான், ஒரு பக்கம் வடிவு, ஒரு பக்கம் வடிவில்லை, அதைப் பார்த்து எடுக்கிறதுதானே, என்று வரும்போது காரில் பகிடி விட்டேன். பகிடி விட்டேனே. என்ன பிளேன் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவர் சொன்ன பெயர் எனக்கு விளங்கியிராது, ஏனென்றால் அதன் சரியான பெயரை நான் என் சீவியத்தில் இன்றைக்குத்தான் கேட்டேன்.

மார்க்கெட்டி. அதற்கு முன்னால் ஒரு சியாய். இத்தாலிக்காரன் செய்ததாம். கிளென் அந்தப் பெயரை வாயில் ஒரு இனிப்பை உருட்டுகிறதுபோல உருட்டிச் சொன்னார், சியாய், மார்க்கெட்டி, நான் கமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கழற்றின கை அப்படியே நின்றுவிட்டது. மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சியாய்மார்க்கெட்டி. சியாய்மாசெட்டி. சியாமாச் செட்டி. பிறகுதான் நிமிர்ந்து செட்டைகளைப் பார்த்தேன், இரண்டு செட்டையின் நுனியிலும் இரண்டு மூட்டை. எண்ணெய்த் தாங்கி என்றார் கிளென். எண்ணெய்த் தாங்கியாம்! நாங்கள் ஏழு வயதில், யாழ்ப்பாணத்தில், கொன்வென்ற் மதிலோரம் அண்ணாந்து நின்று அதைத்தான் பார்ப்போம், தோளிலே தடி போட்டு இரண்டு பக்கமும் மூட்டை கட்டித் தொங்கவிட்டபடி ஒரு செட்டி வானத்தில் வருகிறான் என்று. அப்போது குண்டு போட வருகிற எல்லாப் பொம்மருக்கும் எங்களிடம் பெயர் இருந்தது, பெரியவர்கள் சொன்னதை நாங்கள் எங்கள் வாய்க்கு வளைத்து வைத்துக்கொண்டோம். சத்தத்தை வைத்துச் சொல்வோம். ஆனால் மற்றதெல்லாம் மெஷின்கள். இது ஒன்றுதான் ஆள். செட்டி என்று பெயர் இருந்தால் ஆள்தானே? பெயர் சியாமா, சாதியில் செட்டி, தொழில் மூட்டை கொண்டுதிரிகிறது. கேட்காமலே வந்து, வேண்டாம் என்றாலும் அவிழ்க்கிறவன். பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், ‘செட்டி வாறான், ஓடுங்கோ,’ என்று, அம்மா சொல்லுவா, பால்காரர் சொல்லுவார், ஒருவரும் எங்களைத் திருத்தவில்லை. பிள்ளைகள் செத்துப்போகிற காரியத்தில் பெயர் சரியோ பிழையோ என்று யாருக்கு நேரம். நாங்கள் பாட்டும் கட்டி வைத்திருந்தோம். என் வகுப்புச் சிநேகிதி மெற்றில்டா கட்டினது. சியாமாச் செட்டி, சியாமாச் செட்டி, சுமந்து வந்த மூட்டை என்ன, ஒண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், வந்த வழி போ. பங்கர் குழிக்குள் குந்தியிருந்து சொல்வோம், செபமாலை முடிந்த கையோடு, சிஸ்டர் அலோசியா அதையும் ஒரு செபம் என்று நினைத்தோ என்னவோ பேசாமல் இருப்பா.

இஞ்சின் பிடித்துவிட்டது. எலினா என் கையை உதறுகிறாள், அவளுக்கு நாலு வயது, காதில் கிளென் போட்டுவிட்ட இளஞ்சிவப்புக் காதுமூடி, தலையை விடப் பெரிது. ‘அம்மா, அடுத்தது நான், என்ன?’ அடுத்தது அவள். அதுதான் காரியம். படமெல்லாம் எடுத்து முடிந்த பிறகு கிளென் எலினாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, பின்னால் இன்னொரு இருக்கையும் இருக்கிறது, அப்பாவும் பிள்ளையும் ஒரு சுற்றுப் போய் வரலாமே என்றார். நேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணோட்டம், அரைக் கண்ணோட்டம், ஒன்றுமில்லை, ‘ஷுவர், ஷுவர்’ என்றார். என் பிள்ளையை அதற்குள் ஏற்றுவதற்கு இரண்டு ஷுவர். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், முதலில் நீங்கள் தனிய ஒருக்கால் போய் வாங்கோ, மேலே இருந்து எப்படி என்று பாருங்கோ, நான் பறக்கிற படமும் எடுக்க வேண்டும்தானே. அப்படி ஒரு சுற்று அவகாசம் வாங்கினேன். அவர்கள் போய்த் திரும்பி இறங்குகிற வரைக்கும். இறங்கியதும் கிளென் கை நீட்டுவார், எலினா ஓடுவாள், நான் என்ன செய்வேன்? வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்ல வெளிக்கிட்டால் ஏழு வயதிலிருந்து வெளிக்கிட வேண்டும். இவருடைய முதலாளிக்கு முன்னால், பான்கேக் தட்டுகளுக்கு முன்னால். ‘நீர் எல்லாத்துக்கும் பயம்,’ என்பார் இவர். சொல்லிவிட்டார் ஏற்கெனவே, ‘யசி, நீர் லிஃப்டுக்கும் பயம், நீச்சல் குளத்துக்கும் பயம், பிள்ளையையும் அப்பிடி வளர்க்கப் போறீரோ?’ யசிந்தா என்கிற என் பெயரைச் சுருக்கினால் அன்பு, சுருக்கிப் பின்னால் நீர் போட்டால் புத்திமதி. இவர் வளர்ந்தது கொழும்பில். இவருக்கு வானத்திலிருந்து மழை மட்டும்தான் விழுந்தது. அது இவருடைய குற்றமில்லை என்று எனக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

சின்னச் சின்னச் சண்டைகள். அதுதான் கிளென் சொன்ன வார்த்தை. இந்த வகை விமானம் பயிற்சிக்கென்று செய்தது, ஆனால் வெக்கையான நாடுகளில் சின்னச் சின்னச் சண்டைகளில் ஓடியிருக்கிறது, பாவம், கடுமையாக உழைத்திருக்கிறது, என்றார். பாவமாம். விமானம் பாவமாம். நேசன் உடனே என் பக்கம் குனிந்து, ‘சின்னச் சண்டையளுக்குப் பாவிச்சதாம்,’ என்று மொழிபெயர்த்தார். எனக்கு! காலையில் இருந்து இதுதான் வேலை. கிளென் ஒரு சொல் சொன்னால், இவர் அதைத் தமிழில் எனக்குக் கரைத்து ஊட்டுகிறார், கிளெனும் அதைப் பார்த்து என்னோடு மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, காது கேளாத ஆளோடு கதைக்கிறதுபோலக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நான் ஷேக்ஸ்பியரைச் சீமெந்துத் தரையில் இருந்து பாடமாக்கினவள். மண்ணெண்ணெய் விளக்கில். இவர் வேலைக்கு எழுதிப் போட்ட கடிதத்தின் இங்கிலீசு யாருடையது? அதை அவரிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, ஏனென்றால் புருஷனைப் பிறத்தியாருக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையும் அதே கொன்வென்றில்தான் படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். குப்புறப் படுக்கப் படித்தேன், இரண்டு பெருவிரலையும் காதுக்குள் விடப் படித்தேன், பல்லுக்கு இடையில் ரப்பர் துண்டைக் கடித்துக்கொண்டு வாயைக் கொஞ்சம் திறந்து வைக்கப் படித்தேன். குண்டு விழுந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க. எங்கள் எல்லோருடைய கழுத்திலும் நூலில் ஒரு ரப்பர் துண்டு தொங்கும், மாதாவின் சுரூபப் பதக்கத்துக்குப் பக்கத்தில், மெற்றில்டாவுடையதில் பல் அடையாளம் நிறைய, முன்பல் விழுந்த இடத்தில் மட்டும் அடையாளம் இல்லை. இப்போதும் என் வாய்க்குள் எதையோ கடித்துக்கொண்டு நிற்கிறேன். கமரா லென்ஸின் மூடி. எப்போது வாயில் வைத்தேன்?

சின்னச் சண்டை என்றால் என்ன அளவு? அதை எங்கே நின்று அளக்கிறார்கள்? செத்தவருடைய தொகையிலா, நாட்டின் பரப்பிலா, அல்லது இந்தப் புல்வெளியில் இருந்து எவ்வளவு தூரம் என்பதிலா? தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சின்னனாகத்தான் தெரியும், அது எனக்குத் தெரியும், நான் லென்ஸ் பிடிக்கிறவள். கிளெனுடைய பிளேனுக்குப் பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளி அடித்திருக்கிறது, அவர் கையாலே அடித்தாராம். வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாம், ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளியில் பொடியன்களுக்குப் பறக்கப் பழக்கினது, ஒரு குண்டும் போடாதது, என் ஊரை ஒருநாளும் காணாதது. சும்மா வெள்ளையாக விட்டிருக்கலாமே. அதற்குச் சண்டை உடுப்புப் போட்டால்தான் ஆட்கள் வந்து பார்க்கிறார்களாம். உடுப்பு மட்டுமா, கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகளும் கீறி வைத்திருக்கிறார், ஒவ்வொரு கண்காட்சிக்குப் போய் வந்ததற்கும் ஒன்று. ஒரு சுற்றுலாவுக்கு ஒரு குண்டு! எலினா அதைத் தடவிப் பார்த்து, ‘அம்மா, கத்தரிக்காய்!’ என்றாள். நேசன் விழுந்து விழுந்து சிரித்து அதைக் கிளெனுக்கு மொழிபெயர்த்தார், கிளெனும் சிரித்தார், அடுத்த கண்காட்சிக்கு ஒரு கத்தரிக்காயே கீறுகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தார். நானும் சிரித்தேன். முகத்தில் எந்தத் தசையை இழுத்தால் சிரிப்பு வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சிரிக்கலாம். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று எழும்பி நின்றுகொண்டது, இன்னும் இருக்கவில்லை.

கிளம்பிவிட்டது. புல் படுத்து எழும்புகிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு தொப்பிக்காரர், அவருடைய லென்ஸ் என் கையின் நீளம், ‘என்ன வடிவு, என்ன வடிவு,’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுடுகிறார், சுடுகிறது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். என் கமராவை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்கிறதுபோலத் தன்மையாக, ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள் அம்மணி, இவ்வளவு வேகத்தில் எடுத்தால் படத்தில் மூக்கு விசிறி நின்றுவிடும், என்கிறார். படத்தில் விசிறி சுழல்கிறதுபோலத் தெரிய வேண்டுமென்றால் மெதுவாக எடுக்க வேண்டும், மெதுவாக எடுக்கிறபோது கை ஆடாமல் இருக்க விமானத்தோடு கூடவே உடம்பைத் திருப்ப வேண்டும், இடுப்பிலிருந்து, அது போகிற வழிக்கெல்லாம் நாமும் போக வேண்டும். வேகமாக எடுத்தால் விசிறி அப்படியே உறைந்துவிடும். செத்த பிளேன் மாதிரித் தெரியும், ஒருவருக்கும் பிடிக்காது. நன்றி என்றேன். வேகத்தை இன்னும் கூட்டினேன். நிற்கட்டும். அதோடு கூடத் திரும்ப மாட்டேன், என் இடுப்பு அதற்குத் திரும்பாது, வானத்தில் நடுவழியில் விசிறி நிற்க, மூட்டை இரண்டும் தொங்க, அப்படியே நிற்கட்டும் என்று பொத்தானில் விரலை வைத்தேன், அப்போதுதான் ஞாபகம் வந்தது, உள்ளே நேசன் இருக்கிறார். என் பிள்ளையின் தகப்பன். காலையில் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்துவிட்டு, சீனி காணுமோ என்று கேட்டவர். படத்தில் நின்றால் மேலே நிற்காது, அது எனக்குத் தெரியும், நான் விசரி இல்லை, ஆனாலும் விரல் எடுபடவில்லை. வேகத்தைக் குறைத்தேன். கூட்டினேன். குறைத்தேன். மாதாவே, அவரைக் கீழே கொண்டுவந்து விடும், அதற்குப் பிறகு நின்றுபோகட்டும்.

‘அம்மா, என்ன பாடுறீங்கள்?’ எலினா காதுமூடியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கேட்கிறாள். நான் பாடினேனா? வாயில் மூடியை வைத்துக்கொண்டா? ‘ஒண்டுமில்லைக் குஞ்சு.’ ‘செட்டி எண்டால் ஆர்?’ ‘ஒரு ஆள்.’ ‘பிளேன் ஓட்டுற ஆளோ?’ ‘இல்லை, கடை வச்சிருக்கிற ஆள்.’ ‘திருப்பிச் சொல்லுங்கோ.’ சொன்னேன். அவளுக்கு ஒரு தரம் போதும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி ஏறாத தலைக்குள் இது மட்டும் ஏறிவிட்டது, குதித்துக் குதித்துச் சொல்கிறாள், சியாமாச் செட்டி, சியாமாச் செட்டி. மெற்றில்டாவும் குதித்துத்தான் சொல்வாள். கடை வைத்திருந்த ஆள் உண்மையிலேயே இருந்தார். எங்கள் வீதி முனையில் பித்தளைச் சாமான் கடை, அம்பலவாணச் செட்டியார், வயிறு பெருத்த, சத்தமில்லாத மனிதர், குத்துவிளக்குகளுக்கு நடுவில் ஒரு குத்துவிளக்குப்போல இருப்பார். மெற்றில்டா ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குள் ஏறிவிட்டாள். நான் பயத்தில் படியிலேயே நின்றேன், அப்போதும் நான்தான் பயந்தவள். அவள் நேரே போய், இடுப்பில் கை வைத்து, ‘ஐயா, உங்கட தம்பியாரை இனி இஞ்சால வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ,’ என்றாள். ‘எந்தத் தம்பி, பிள்ளை?’ அவள் விரலை மேலே காட்டினாள். ‘சியாமாச் செட்டி.’ கடைக்குள் நின்ற ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள், ஒருவர், ‘செட்டியார், உங்கட சொந்தக்காரன் எங்கட கூரையெல்லாத்தையும் பிரிச்சுப்போட்டான்,’ என்றுகூடச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்தார். தாழ்வாரத்துக்கு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார், யாரோ அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதுபோல. பிறகு, ‘சரி பிள்ளை, நான் சொல்லுறன்,’ என்றார். ஆளுக்கொரு சின்னப் பித்தளைக் கரண்டி எடுத்து நீட்டினார், விளையாட. நான் கை நீட்டினேன். மெற்றில்டா என் கையைத் தட்டிவிட்டு, ‘ஒண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்,’ என்றாள், பாட்டில் உள்ளபடி.

திரும்புகிறது. சோளத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு செட்டை கீழே, ஒரு செட்டை மேலே, இப்போது நேரே இங்கே வருகிறது, தாழ்ந்து வருகிறது, படத்துக்காக, எனக்காக. சத்தம். இந்தச் சத்தம் நான் மறந்துபோனேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை, அது என் முதுகுத் தண்டில் ஒரு இடத்தில் இருந்திருக்கிறது, இத்தனை பனிக்காலத்துக்கும் கீழே, முதலில் தையல் மெஷின் மாதிரி, பிறகு ஒரு ஆள் மூக்கால் அழுகிறது மாதிரி, பிறகு வானம் முழுவதும். தொப்பிக்காரர் இடுப்பிலிருந்து திரும்புகிறார். ஆட்கள் கை தட்டுகிறார்கள். நான் பார்க்க வேண்டும், காலண்டருக்கு முன்பக்கம் வேண்டும் என்றார் கிளென், மூக்கும் கண்ணாடிக் கூண்டும் சிரிக்கிற முகமும், ஆனால் எனக்குத் தெரிந்தது அதன் வயிறு மட்டும்தான். இன்று காலை வரைக்கும் அதற்கு மேல்பக்கம் ஒன்று இருக்கிறது என்றே நான் யோசித்ததில்லை. மேல்பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒரு வகை, வயிற்றைப் பார்த்தவர்கள் ஒரு வகை. வயிறு வருகிறது. புல் என் முழங்காலில் குளிர்கிறது. எப்போது முழந்தாளிட்டேன்? எலினா எனக்குக் கீழே இருக்கிறாள், என் கையும் மாரும் அவளுக்கு மேலே, காதுமூடிக்கு மேலே என் உள்ளங்கை, மற்றக் கை மட்டும் கமராவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அது பாட்டுக்குச் சுடுகிறது, வயிறு, வயிறு, வானம், புல், பிள்ளையின் தலைமயிர். போய்விட்டது. ஒன்றும் விழவில்லை. யாரோ சிரிக்கிறார்கள், ஒருவர் நல்ல கோணம் என்று சொல்கிறார், படத்துக்காகக் கீழே இருந்தேன் என்று நினைத்துவிட்டார். ‘அம்மா, நசிக்குது,’ என்கிறாள் எலினா.

அன்றைக்கு மெற்றில்டா பள்ளிக்கூடம் வரவில்லை. கூகைக்கட்டு. கன்னம் இரண்டும் வீங்கி வீட்டில் இருந்தாள், பங்கருக்குள் நான் பக்கத்து இடத்தைக் கையால் பிடித்துவைத்திருந்தேன், பழக்கத்தில். மேலே செட்டி ஒரு தரம் சுற்றினான், இரண்டாம் தரம் சுற்றினான், எங்கள் வீதிப் பக்கம் மூட்டையை அவிழ்த்தான். அவ்வளவுதான், அதைப் பற்றி இதற்கு மேல் நான் யோசிக்கிறதில்லை, யோசிக்கத் தொடங்கினால் வீங்கின கன்னம் வரும். செத்தவீட்டுக்கு எல்லோரும் உள்ளே போனார்கள். அம்பலவாணச் செட்டியார் வாசல் படலையோடு நின்றுவிட்டார். மெற்றில்டாவின் தகப்பன் எழும்பிப் போய், ‘உள்ளுக்கு வாங்கோவன்,’ என்று கூப்பிட்டும் வரவில்லை, சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு, வெயிலில், பெட்டியை எடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார். நான் அம்மாவின் சீலைக்குள் இருந்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இவர் சொல்லவில்லை, என்று நினைத்தேன். சொல்லுகிறேன் என்றார், சொல்லவில்லை. எத்தனை வருஷம் அந்த மனிதரில் கோபமாக இருந்தேன். வளர்ந்து, அவன் செட்டி இல்லை, பிளேன் என்று விளங்கின பிறகும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, பித்தளைச் சாமானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், என் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குகளை நான் துடைக்கிறதே இல்லை. பிழையான விலாசத்துக்குப் போன கோபம். சரியான விலாசம் இன்றைக்குத் தெரிந்துவிட்டது, இத்தாலிப் பெயர், பச்சையும் மண்ணிறமும், அதைப் பார்த்துத்தான் நான் தலையைச் சரித்து லவ்லி சொன்னேன். சொல்ல வேண்டிய ஆட்களிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு செம்பு விற்கிற மனிதர் மட்டும்தான் சொல்லுகிறேன் என்று ஏற்றுக்கொண்டார், அவருக்கும் அதற்கும் பெயரில்கூடச் சம்பந்தமில்லாமல், ஒரு முன்பல் இல்லாத பிள்ளை கேட்டாள் என்பதற்காக.

இறங்கிவிட்டது. புல்லில் குலுங்கிக் குலுங்கி வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது, விசிறி தானாகவே மெதுவாகி நிற்கிறது, ஒரு இலை நேரே என்னைப் பார்த்து. கண்ணாடிக் கூண்டு திறக்கிறது. நேசனின் முகம் சிவந்து, தலைமயிர் எழும்பி, எனக்கு உயிர் திரும்பி வருகிறது, அதே நேரத்தில் அவரை அறைய வேண்டும்போலவும் இருக்கிறது. ‘யசி, சொர்க்கமப்பா! மேலயிருந்து பார்க்கச் சோளமெல்லாம் பாய் விரிச்சமாதிரி. வீடுகள் எல்லாம் தீப்பெட்டி.’ தீப்பெட்டி. ஓம், அப்படித்தான் தெரிந்திருக்கும். கிளென் இறங்கி, முழங்காலை மடித்து, எலினாவுக்கு இரண்டு கையையும் நீட்டுகிறார், வா சின்னக் கப்பித்தான், உன் முறை. நான் அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுக்கிறேன், காலை முழுவதும் கையைக் கட்டி நின்ற இங்கிலீசு, இப்போது பார்த்து ஓடி ஒளிந்துவிட்டது, பல்லுக்கு இடையில் மூடிதான் இருக்கிறது. தலையை மட்டும் ஆட்டுகிறேன். கிளென் என்னைப் பார்த்து மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, பயப்பட, ஒன்றும், இல்லை, என்கிறார். நேசன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, ‘அவர் பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லுறார்,’ என்கிறார். மொழிபெயர்க்கிறார்! ‘சும்மா சனத்துக்கு முன்னால என்ன இது, யசி. பிள்ளை ஆசைப்படுறாள். விடும் அவளை.’

விட்டுவிட்டேன். இல்லை, நான் விடவில்லை, சட்டை நழுவிவிட்டது. எலினா ஓடுகிறாள், கயிற்றுக்குக் கீழால் குனிந்து, கிளெனுடைய நீட்டின கைகளையும் தாண்டி, நேரே அதன் மூக்குக்கு முன்னால் போய் நிற்கிறாள். காதுமூடியைக் கழற்றி நிலத்தில் போடுகிறாள். அண்ணாந்து பார்க்கிறாள். இடுப்பில் கையை வைக்கிறாள், அதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘சியாமாச் செட்டி, சியாமாச் செட்டி, சுமந்து வந்த மூட்டை என்ன?’ தொப்பிக்காரர் கமராவைத் தூக்குகிறார். கதிரைகளில் இருந்தவர்கள் திரும்புகிறார்கள். அவள் அந்த விசிறிக்கு நேரே ஒரு விரலை ஆட்டி ஆட்டி, ‘ஒண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், வந்த வழி போ!’ என்று முடித்துவிட்டு, திரும்பி வந்து என் காலைக் கட்டிக்கொள்கிறாள். ‘அம்மா, நான் போகேல்லை. சீ, செட்டி மணக்குது.’ எல்லோரும் கை தட்டுகிறார்கள். கிளென் கண் கலங்கச் சிரிக்கிறார், நல்ல மனிதர், லவ்லி, என்கிறார், எவ்வளவு லவ்லியான பாட்டு, என்ன சொல்கிறாள் பிள்ளை, என்று கேட்கிறார், என்னிடம் அல்ல, நேசனிடம். நேசன் என்னைப் பார்க்கிறார். இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கிறார். பாட்டு எதைப் பற்றி என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனால் என் முகத்தில் ஏதோ விளங்கிவிட்டது, அவசர அவசரமாக இங்கிலீசில், அது ஒன்றுமில்லை, ஊரில் சின்னப் பிள்ளைகள் பாடுகிற ஒரு விளையாட்டு, என்று தொடங்குகிறார்.

நான் வாயிலிருந்து மூடியை எடுக்கிறேன். அதில் பல் அடையாளம், வரிசையாக.

‘பொறுங்கோ,’ என்கிறேன். ‘நான் சொல்லுறன்.’